பதினேழாவது கேள்வியை எடுக்காதீர்கள்

ஆபீஸில் பழைய படிவத்தைக் கம்ப்யூட்டருக்கு மாற்றுகிறீர்கள் என்று கேள்விப்பட்டேன். நல்ல காரியம். அதில் பதினேழாவது கேள்வி மட்டும் எந்தக் கட்டத்திலும் பொருந்தவில்லை, எடுத்துவிடலாமா என்று உங்களில் ஒருத்தி வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தாள். கூடவே ஒரு சிரிப்புப் பொம்மை. எடுக்கக் கூடாது. கட்டம் இல்லையென்றால் புதிதாக ஒரு கட்டம் போடுங்கள்.

அந்தக் கேள்வி இதுதான்: "இந்த வீட்டில் சமைத்ததும் முதல் சோறு யாருக்குப் போகிறது?" பத்திரம் எங்கே, வரி ரசீது எங்கே, வாரிசுகள் யார் யார் என்று பதினாறு கேள்வி கேட்டுவிட்டுக் கடைசியில் இதைக் கேட்டால் வீடு விற்க வந்தவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். பார்க்கட்டும். அந்தக் கேள்வியைப் படிவத்தில் சேர்த்தது நான். சேர்ப்பதற்கு நான் கொடுத்த விலை என்ன என்று உங்களுக்குத் தெரியாது. தெரிந்தால் சிரிப்புப் பொம்மை அனுப்ப மாட்டீர்கள்.

எனக்குப் பின் அந்த மேஜைகளுக்கு வந்த உங்கள் நாலு பேருக்கும் தமிழைவிட வங்காளிதான் சரளம் என்று எனக்குத் தெரியும். எனக்கே ரேஷன் கடையில் சண்டை போட வங்காளிதான் வசதி. கல்கத்தா பவானிபூரில் பிறந்து வளர்ந்தவள் நான். வீட்டுக்குள் மட்டும் திருநெல்வேலித் தமிழ். ஆனாலும் இதைத் தமிழில்தான் எழுதுவேன். இந்த விஷயத்தில் நான் பட்ட அவமானம் தமிழில் பட்டது. சிரமப்பட்டுப் படியுங்கள்.

நம் வேலை என்ன என்று முதலில் நமக்கே தெளிவாக இருக்க வேண்டும். கல்கத்தாவில் ஒரு வீடு விற்கிறது என்றால் வாங்குபவரையும் விற்பவரையும் ஒரே மேஜைக்குக் கொண்டுவருவது தரகர். விற்பவருக்கு விற்கும் உரிமை உண்டா என்று காகிதம் பார்த்துச் சொல்வது நாம். சொல்வதோடு முடியவில்லை, அடியில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கிறோம். அந்தக் கையெழுத்தைப் பார்த்துத்தான் ஒருவர் முப்பது நாற்பது வருஷச் சம்பாத்தியத்தைத் தூக்கிக் கொடுக்கிறார்.

அந்தக் கேள்வி பிறந்த சமயத்தில் நான் இந்த வேலைக்கு வந்து இருபது வருஷம் தாண்டியிருந்தது. பதிவு அலுவலகத்தின் பழைய புத்தகங்களில் எனக்குத் தெரியாதது இல்லை என்ற நினைப்பு. வீடுகளை நேரில் போய்ப் பார்ப்பதில்லை. "செங்கல் பொய் சொல்லும், காகிதம் சொல்லாது" என்று நானே ஒரு வசனம் செய்து, தரகர்களிடம் அடிக்கடி சொல்லிக்கொண்டிருந்தேன். இப்போது நினைத்தால் கன்னத்தில் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது.

அந்தச் சமயத்தில்தான் சங்கரலிங்கம் அண்ணாச்சியும் அவர் மனைவி கோமதி அக்காவும் வந்தார்கள். அண்ணாச்சி கரக்பூர் ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். பெண் ஜாதவ்பூரில் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் சொந்தமாக ஒரு வீடு வேண்டும் என்று கல்கத்தா வந்திருந்தார்கள். கல்யாணமான நாள் முதல் ரயில்வே குவார்ட்டர்ஸ்தான். சுவரில் ஒரு ஆணி அடிக்கக்கூட யோசித்த வாழ்க்கை என்று அக்கா சொல்வார். பிராவிடண்ட் ஃபண்ட் முழுவதையும் ஒரே வீட்டில் போடப் போகிறார்கள். போனால் போனதுதான்; மறுபடி சம்பாதிக்க வயதில்லை.

பிமல் என்ற தரகர் அவர்களுக்கு பவானிபூரில் ஒரு சின்ன இரண்டடுக்கு வீட்டைக் காட்டியிருந்தார். பிமலை எனக்குப் பல வருஷமாகத் தெரியும். ஒரு ஸ்கூட்டர், ஒரு ரெக்ஸின் பை, ஓயாத வாய். வீட்டை விற்பவர் எழுபது தாண்டிய வங்காளி அம்மாள். கணவர் இல்லை, குழந்தைகள் இல்லை. தெருவே அவரை மாஷிமா என்று கூப்பிடும், நம் ஊரில் சித்தி என்பதுபோல. முழங்கால் போய்விட்டது. சமையலறையும் படுக்கையும் மாடியில் இருந்ததால் படி ஏற முடியாமல், பெஹாலாவில் தரைத்தளத்தில் ஒரு சின்ன ஃபிளாட் பார்த்து வைத்திருந்தார். இந்த வீடு விற்றால்தான் அது.

காகிதங்கள் என் மேஜைக்கு வந்தன. முப்பது வருஷப் பதிவுகளைத் தேடுவது நம் வழக்கம். தேடினேன். ஒரு அடமானம் இல்லை, ஒரு வழக்கு இல்லை, ஒரு விற்பனைகூட இல்லை. மாமனாரிடமிருந்து கணவருக்கு, கணவரிடமிருந்து மாஷிமாவுக்கு என்று மாநகராட்சியில் பெயர் மட்டும் மாறியிருந்தது. வாரிசு சான்றிதழ் சரி. வரி பாக்கி இல்லை. யாருமே விற்காத வீட்டில் என்ன வில்லங்கம் வந்துவிடும் என்று எனக்கு ஒரே சந்தோஷம். இவ்வளவு சுத்தமான சொத்தைப் பார்த்து நாளாகிவிட்டது என்று பக்கத்து மேஜையில் சொல்லிக்கூடக் காட்டினேன்.

அறிக்கையைக் கொடுத்த அன்று கோமதி அக்கா அதை வாங்கி, ஆங்கிலம் தெரியாததால் புரட்டி மட்டும் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாத்தையும் முழுசாப் படிச்சிட்டியா?"

"படிச்சுட்டேன் அக்கா. சுத்தமா இருக்கு."

"பெறவென்ன. நம்ம ஊருப் பிள்ளையே படிச்சிட்டுச் சொல்லுதா" என்று அண்ணாச்சியிடம் சொல்லி, அறிக்கையை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

முன்பணம் கொடுத்தார்கள். மாஷிமா அதை அப்படியே பெஹாலா ஃபிளாட்டுக்குக் கட்டிவிட்டார். பதிவுக்கு நாள் குறித்தாகிவிட்டது.

பதிவுக்கு ஆறு நாள் இருக்கும்போது கோமதி அக்கா எனக்கு ஃபோன் செய்தார். சமையலறையை அளக்கப் போக வேண்டும், மாஷிமாவோடு பேசத் தனக்கு வங்காளி வராது, கொஞ்சம் கூட வர முடியுமா என்று. நானும் மொழிபெயர்க்கத்தான் போனேன். வேலைக்காக அந்த வாசற்படியை மிதித்திருக்க மாட்டேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

உச்சி வேளை. மாஷிமா சமையலை முடித்திருந்தார். எங்களுக்கும் சேர்த்துச் சமைத்திருக்கிறார் என்று வாசனையே சொன்னது. வெண்கலத் தட்டில் சோறு, பருப்பு, ஐந்து வகைப் பொரியல், பாயசம் என்று வைத்து, பக்கத்து வீட்டுப் பெண்ணைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாகக் கீழே இறங்கினார். கீழ்த்தளத்து முன்னறைக் கதவைத் திறந்து, தட்டை உள்ளே வைத்துவிட்டு, கதவைச் சாத்தினார். பிறகு நாங்கள் எல்லாரும் வெளியே காத்திருந்தோம். உள்ளே அவர்கள் வீட்டுக் கோபால், தவழும் கிருஷ்ணர், உள்ளங்கை அளவு பித்தளை விக்கிரகம். அவர் சாப்பிட்டு முடித்த பிறகுதான் மற்றவர்களுக்கு.

கோமதி அக்கா அந்த நேரத்தை வீணாக்கவில்லை. "இந்த முன் ரூமு நல்ல வெளிச்சமா இருக்கே. கிரைண்டரையும் ஃபிரிட்ஜையும் இங்க போட்டுரலாம்னு சொல்லும்மா" என்றார். நான் மொழிபெயர்த்தேன். மாஷிமா தலையாட்டினார்.

"தாராளமா. கோபால்தான் என்கூட பெஹாலாவுக்கு வர்றாரே."

பேச்சுக்குத்தான் கேட்டேன், வேறு எதற்கும் இல்லை: "ரொம்ப நாளா இந்த ரூம்லதான் இருக்காரா?"

"இந்த ரூமா? வீடே அவரோடதுதானே. என் மாமனாரோட அப்பா அவர் பேருக்கு எழுதி வெச்சாரே, அப்பலேர்ந்து."

எழுதி வைத்தார். வீட்டில் பேச்சுவழக்கில் சொல்வதுதான் என்று ஒரு கணம் நினைக்கப் பார்த்தேன். ஆனாலும் "எழுதி வெச்சாரா, வாயால சொன்னாரா மாஷிமா?" என்று கேட்டேன். அவர் கதவைத் திறந்து, கோபாலின் மரச் சிம்மாசனத்துக்கு அடியிலிருந்து சிவப்புத் துணியில் சுற்றிய ஒரு கட்டை எடுத்துக் கொடுத்தார். ஓரமெல்லாம் குங்குமம். முத்திரைத் தாள். பதிவு எண். வங்காளி எழுத்து. எழுபது வருஷத்துக்கு முந்தியது.

நின்றபடியே படித்தேன். நிலம், கட்டடம், கிணறு, வாசற்படி உட்பட வீடு முழுவதையும் குலதெய்வமான கோபாலுக்கு அர்ப்பணம் செய்கிறேன். என் சந்ததியார் அவருக்குப் பூஜையும் சோறும் கொடுத்துக்கொண்டு இங்கே குடியிருக்கலாம். பார்த்துக்கொள்வது மட்டுமே அவர்கள் உரிமை. வங்காளத்தில் இப்படித் தெய்வத்துக்கு எழுதி வைத்த சொத்தை தேபோத்தர் என்பார்கள். அதற்குத் தெய்வம்தான் முதலாளி. மாஷிமா, நம் ஊர் தர்மகர்த்தா மாதிரி, நிர்வாகி. நீதிமன்றம் சொல்லாமல் அவர் அதை விற்க முடியாது. மாநகராட்சிக்காரர்கள் தெய்வத்தின் பெயரை விட்டுவிட்டு நிர்வாகியின் பெயரை ஏற்றிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நானும் மனிதர்களின் பெயரை மட்டும், முப்பது வருஷத்துக்கு மட்டும் தேடியிருக்கிறேன்.

"மாஷிமா, இதை ஏன் எங்கிட்ட சொல்லலை?"

அவருக்கு உண்மையாகவே ஆச்சரியம். "நீ வாரிசு யார் யார்னு கேட்டு அனுப்பினே. எழுதிக் கொடுத்தேன். கோபால் எப்படி வாரிசாவார்? அவர்தானே மாலிக், வீட்டுக்கு முதலாளி?"

அந்த அம்மாள் பொய் சொல்லவில்லை. மறைக்கவும் இல்லை. தினமும் சோறு போட்டு, கோபால் வீட்டில் தான் குடியிருப்பதாகவே ஐம்பது வருஷம் வாழ்ந்திருக்கிறார். முதலாளியையும் கூட்டிக்கொண்டு போவதால் முதலாளிக்குச் சம்மதம் என்று அவர் கணக்கு. கேட்க வேண்டியதை நான் கேட்கவில்லை.

நான் படிக்கும்போதே மேலே போய்ச் சமையலறையை அளந்துவிட்டு, அளவு நாடாவோடு மாடிப்படி இறங்கி வந்த கோமதி அக்கா, என் கையைப் பார்த்து, "என்ன பேப்பரும்மா அது?" என்றார்.

இங்கே நான் செய்ததைச் சொல்ல இன்றும் கூசுகிறது. "பழைய பேப்பர் அக்கா. நாளைக்குச் சொல்லுதேன்" என்றேன். அவர் நம்பினார். அந்தச் சாப்பாட்டையும் உட்கார்ந்து சாப்பிட்டேன். முப்பது வருஷத்துக்கு மேல் தேடாதது தெரியாமல் நடந்த தப்பு. அந்த "நாளைக்கு" தெரிந்தே செய்தது. உங்களுக்கும் ஒருநாள் இப்படி வரும். அப்போது வாய் தானாக "நாளைக்கு" என்று சொல்லும். அதை நம்பாதீர்கள்.

வெளியே வந்ததும் நடைபாதையிலேயே பிமலுக்கு ஃபோன் போட்டேன். பத்து நிமிஷத்தில் ஸ்கூட்டர் வந்து நின்றது. டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் சொன்னதைக் கேட்டவர், சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மீனா என்ற என் பெயரோடு அக்கா என்பதற்கான 'தி'யைச் சேர்த்துத்தான் கூப்பிடுவார்; எனக்கு அவர் பிமல்தா, பிமல் அண்ணன்.

"மீனாதி, முப்பது வருஷம்தான் எல்லாரும் பாக்கறாங்க. நீங்க பாத்தாச்சு. அந்தச் சிவப்புத் துணி திரும்பவும் சிம்மாசனத்துக்கு அடியிலயே இருக்கட்டும். கோபாலுக்காக யாரு கோர்ட்டுக்குப் போகப் போறாங்க?"

"யாரு வேணும்னாலும் போகலாம் பிமல்தா. கோபாலுக்கு வாய் கிடையாது, அதனால அவர் சார்பா யார் வேணும்னாலும் பேசலாம். அந்தக் குடும்பத்துல யாரும் இல்லையா?"

"ஒரு கொழுந்தன் மகன் இருக்கான். வருஷத்துக்கு ஒரு தடவை ஜன்மாஷ்டமிக்கு வருவான். அவ்வளவுதான்."

"அவன் ஒருத்தன் போதும். வீடு அண்ணாச்சி கையவிட்டுப் போயிடும்."

பிமலுக்குக் கோபம் வந்துவிட்டது. ஆறு மாத அலைச்சல், ஸ்கூட்டர் பெட்ரோல், பெஹாலா ஃபிளாட்டை விற்பவரிடம் தான் கொடுத்த வாக்கு என்று வரிசையாகச் சொன்னார். கடைசியில், "நீங்க வீட்டுக்கு வராமலே இருந்திருக்கலாம்" என்று கத்திவிட்டு வண்டியை உதைத்துக் கிளப்பிக்கொண்டு போனார். அவர் சொன்னது சரிதான். வராமல் இருந்திருந்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது, அண்ணாச்சி வீட்டை வாங்கியிருப்பார். ஒருநாள் இழந்தும் இருப்பார்.

பிறகு நம் ஆபீஸ் தலைவருக்கு ஃபோன் போட்டேன். அவர் பெயர் வேண்டாம். இருந்தவரைக்கும் அவருக்குப் புகழ்ச்சி பிடித்ததில்லை. முழுவதையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"ரிப்போர்ட்ல யார் கையெழுத்து?"

"என்னோடது சார்."

"அப்ப எனக்கு எதுக்கு ஃபோன் பண்றே?" என்று வைத்துவிட்டார்.

முதலில் எரிச்சலாக இருந்தது. மெட்ரோ படி இறங்கும்போதுதான் புரிந்தது, அவர் எனக்கு அனுமதியும் தரவில்லை, தப்பிக்க இடமும் தரவில்லை என்று. பாதிப் படியிலிருந்து திரும்பி ஏறி, ஜாதவ்பூர் ஆட்டோவைப் பிடித்தேன். நாளை வரை காத்திருக்கவில்லை.

அண்ணாச்சியும் அக்காவும் தங்கியிருந்தது பெண்ணின் ஒற்றை அறை வாடகை வீட்டில். கட்டிலைச் சுற்றி அட்டைப் பெட்டிகள், கயிறு போட்டுக் கட்டிய கிரைண்டர். உட்காரச் சொன்னார்கள். நான் நின்றுகொண்டே சொன்னேன். வீட்டின் முதலாளி யார், நான் எதைத் தேடவில்லை, இப்போது பதிவு செய்தால் என்ன ஆகலாம், மதியம் அக்கா கேட்டபோது நான் என்ன பொய் சொன்னேன், எல்லாவற்றையும். அறிக்கையைத் திரும்பப் பெறுகிறேன் என்றும் சொன்னேன்.

கோமதி அக்கா கைப்பையைத் திறந்து அந்த அறிக்கையை எடுத்துக் கட்டில்மேல் வைத்தார்.

"முழுசாப் படிச்சிட்டேன்னு சொன்ன."

"ஆமா அக்கா."

"நான் உன் மொகத்தப் பாத்துல்லா நம்புனேன். இங்கிலீசப் பாத்தா நம்புனேன்?"

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

அண்ணாச்சி எழுந்து வந்து, கட்டில்மேல் கிடந்த அறிக்கையைக் குனிந்து பார்த்தார். ஒர்க்‌ஷாப்பில் எத்தனை பழுதான எஞ்சின் முன்னால் அப்படி நின்றிருப்பாரோ. "வழி உண்டா, இல்லையா? அத மட்டும் சொல்லு" என்றார்.

"உண்டு அண்ணாச்சி. மாஷிமா கோர்ட்ல அனுமதி கேக்கணும். படி ஏற முடியல, வீடும் பழசாயிட்டு, இத வித்து அந்தப் பணத்துல கோபால் பேருக்கே பெஹாலாவுல வீடு வாங்குதேன்னு. கோர்ட்டு ஒத்துக்கிட்டா விக்கலாம். ஆனா நாளாகும். எத்தன நாள்னு என்னால சொல்ல முடியாது. வேண்டாம்னா முன்பணத்தக் கேக்க உங்களுக்கு உரிம இருக்கு."

"கேட்டா அந்தம்மா எங்கேர்ந்து குடுப்பா? அத பெஹாலாவுல கட்டிட்டால்லா?" என்று கேட்டது கோமதி அக்கா. பிறகு அவரே முடிவு சொன்னார். "மாடி ஏற மாட்டாம கெடக்கவ கிட்டப் போயி பணத்தக் குடுன்னு என்னால நிக்க முடியாது. இருக்கோம். எத்தன மாசம்னாலும் இருக்கோம். ஆனா இந்தப் பிள்ள மொழிபெயர்க்க வர வேண்டாம். இனி நான் கையால சைகை காட்டிப் பேசிக்கிடுதேன்."

அன்று ஆட்டோவில் வரும்போது அழுதேன். அதோடு அழுகையை நிறுத்திக்கொண்டு, அந்த வீடு அவர்களுக்குக் கிடைக்கும்வரை இந்தக் கோப்பை விடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

மறுநாள் காலை ஆபீஸ் வாசலில் பிமல் நின்றுகொண்டிருந்தார். மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டுதான். "ராத்திரி முழுக்க யோசிச்சேன். அந்தக் கொழுந்தன் மகன் ஒத்துக்காம கோர்ட்ல ஒண்ணும் நடக்காது. அவனை எனக்குத் தெரியும், நீங்க பேசினா சட்டம் பேசுவான். மாஷிமாவைக் கூட்டிட்டு நான் போறேன்" என்றார். நான் இருபது வருஷமாகத் தரகர்களை வாய்வீச்சு என்று நினைத்து வந்தவள். வாயை மூடிக்கொண்டு தலையாட்டினேன்.

ஞாயிற்றுக்கிழமை போனார்கள். மாஷிமா கோபாலுக்குப் படைத்த சந்தேஷ் இனிப்பை டப்பாவில் எடுத்துப் போனாராம். கொழுந்தன் மகன் அதைச் சாப்பிட்டுவிட்டு, மேஜை டிராயரைத் திறந்து ஒரு உறையைக் காட்டினான். வக்கீல் நோட்டீஸ். வீடு விற்கப் போகிறார்கள் என்று அவனுக்கு முன்பே தெரிந்திருக்கிறது. பதிவு முடியட்டும், அடுத்த நாள் கோபால் சார்பாக வழக்குப் போடலாம் என்று தயாராக வைத்திருந்தானாம். பிமல் இதை என்னிடம் சொல்லும்போது டீயைக் குடிக்காமலே கீழே வைத்தார். "அந்தச் சிவப்புத் துணி அங்கயே இருக்கட்டும்னு நான் சொன்னேன் தீதி" என்று இரண்டு தரம் சொன்னார்.

அவன் கெட்டவன் என்று நினைக்காதீர்கள். தாத்தாவின் அப்பா சாமிக்குக் கொடுத்ததைப் பெரியம்மா ஓசைப்படாமல் விற்கிறாள் என்று கோபப்பட்டிருக்கிறான், அவ்வளவுதான். கேட்டுச் செய்கிறோம் என்றதும் இறங்கி வந்தான். ஒரே ஒரு நிபந்தனை: பெஹாலாவில் கோபாலுக்குத் தனி அறை வேண்டும், அலமாரியில் ஒதுக்கக் கூடாது. மாஷிமா உடனே தன் படுக்கையைக் கூடத்துக்கு மாற்றிக்கொள்வதாகச் சொல்லிவிட்டார்.

அந்த அம்மாளிடம் நான் தனியாக ஒன்று கேட்டேன். பெஹாலா ஃபிளாட் உங்கள் பெயரில் இருக்காது, கோபால் பெயரில்தான் இருக்கும், உங்களுக்குச் சம்மதம்தானா என்று. அவர் சிரித்தார். "ஐம்பது வருஷமா எனக்குத் தெரிஞ்சது உனக்குப் போன வாரம்தான் தெரிஞ்சிருக்கு. அதுக்குள்ள எனக்குப் பாடம் எடுக்கறியா?"

பதினோரு மாதம் ஆயிற்று. மனு, வாய்தா, நீதிபதி மாற்றம் எல்லாம் உங்களுக்குத் தெரிந்த கதை. ஒவ்வொரு வாய்தாவுக்கும் போனேன், கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். பெஹாலாக்காரரை அத்தனை நாள் வேறு ஆளுக்கு விற்காமல் பிடித்து வைத்தது பிமல். எப்படி என்று கேட்டால், தினம் காலையில் அவரோடு டீ குடிக்கிறேன் என்று மட்டும் சொன்னார். கோமதி அக்காவும் சில நாள் வருவார், நான் உட்காராத பெஞ்சாகப் பார்த்து உட்காருவார். ஒருமுறை கதவருகில் நேருக்கு நேர் வந்துவிட்டோம். நான் "அக்கா" என்றேன். அவர் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு நகர்ந்துவிட்டார். அடுத்த வாய்தாவுக்கும் போனேன்.

நடுவில், படிவத்தில் அந்தக் கேள்வியைச் சேர்க்கச் சொல்லித் தலைவரிடம் கேட்டேன். அவர் காரணம் கேட்கவில்லை. "வீட்டுக்குப் போய்க் கேக்கணும், ஃபோன்ல கேக்கக் கூடாது" என்று மட்டும் சேர்த்துக்கொண்டார். அதன் பிறகு அது இன்னொரு முறையும் கைகொடுத்தது. பாலிகஞ்ச் பக்கம் ஒரு வீட்டில் முதல் சோறு மூன்றாம் மாடிக்குப் போனது. யார் என்று பார்த்தால், நம்மிடம் கொடுத்த எந்தக் காகிதத்திலும் சொல்லப்படாத ஒரு அத்தை. சாகும்வரை அங்கே இருக்கலாம் என்று அவள் அண்ணன் உயில் எழுதியிருந்தார். தெய்வமோ மனுஷியோ, வீட்டில் உரிமை உள்ளவர்களை அடுப்படி மறப்பதில்லை. மறப்பது நம் அலுவலகங்கள்தான்.

அனுமதி வந்தது. பதிவு நாளன்று மாஷிமா ஒரு துணிப்பையோடு வந்தார். நாற்காலியில் உட்கார்ந்ததும் அதிலிருந்து கோபாலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். மாலிக் வராமல் எப்படி என்று கேட்டார். பதிவு அதிகாரி வழக்கமான கேள்வியைக் கேட்டார்: "சுய விருப்பத்தோடுதான் விக்கறீங்களா?" மாஷிமா குனிந்து மடியைப் பார்த்தார், நிமிர்ந்தார். "ஆமா. ரெண்டு பேரும்." அதிகாரி சிரிக்கவில்லை. நீதிமன்ற உத்தரவை ஒருமுறை பார்த்துவிட்டு, கைரேகைக் கருவியை மரியாதையாக அவர் பக்கம் நகர்த்தினார்.

வேலை முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். பிமல் வண்டி கூப்பிடப் போனார். மாஷிமா சாவிக்கொத்தைக் கோமதி அக்காவிடம் நீட்டினார். அக்கா அதை வாங்கவில்லை. பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றிப் பார்த்தார். தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த என்னைக் கண்டுபிடித்து நேராக வந்தார். பதினோரு மாதத்தில் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார்.

"படி" என்றார்.

"அக்கா?"

"முழுசாப் படி. எனக்குக் கேக்குத மாதிரி, தமிழ்ல சொல்லு. அதுவர நான் எங்கயும் போகல." பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார்.

நான் பக்கத்தில் உட்கார்ந்து படித்தேன். முதல் வரியில் விற்பவர்: பவானிபூர் வீட்டுத் தெய்வம் கோபால், அவருக்காக அவர் நிர்வாகி. வாங்குபவர்: சங்கரலிங்கம், அவர் மனைவி கோமதி. ஒவ்வொரு வரியாக, எல்லை, பரப்பு, கிணறு, வாசற்படி, உத்தரவு எண், சாட்சிகள் என்று தமிழில் சொல்லிக்கொண்டே போனேன். நடுவில் ஒரு வரியை இரண்டு முறை படித்தேன்; அவர் தண்ணீர் பாட்டிலை என் பக்கம் தள்ளிவைத்தார், நிறுத்தச் சொல்லவில்லை. பிமல் கூப்பிட்ட வண்டி போய்விட்டது. மாஷிமா மடியில் கோபாலோடு, ஒரு சொல் புரியாமல், கடைசிவரை உட்கார்ந்து கேட்டார். அண்ணாச்சி நின்றபடியே கேட்டார்.

கடைசிப் பக்கத்தின் கடைசிக் கையெழுத்தையும் சொல்லி முடித்தேன்.

"அவ்வளவுதானா? விட்டது ஒண்ணும் இல்லயே?"

"இல்ல அக்கா. முழுசாப் படிச்சுட்டேன்."

கோமதி அக்கா என்னைப் பார்த்தார். பிறகு மாஷிமாவிடம் கையை நீட்டிச் சாவியை வாங்கிக்கொண்டார்.